பூக்கார ஆயாவுக்கும், அன்று ஓடி வந்த எல்லோருக்கும்

அன்பான பூங்கா சொந்தங்களுக்கு,

பாப்பா நலம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். போனில், தெருமுனையில், ரேஷன் கடை வரிசையில், எங்கே பார்த்தாலும் நீங்கள் கேட்பது அதைத்தான். கண் வீக்கம் முழுக்க வடிந்துவிட்டது. காதுக்குப் பின்னால் தேனீ கொட்டிய இடத்தில் மட்டும் சின்னச் சின்னத் தடிப்பு தெரிகிறது. அதுவும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நேற்று ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி பூங்காவுக்குள் நடந்தாள். அதனால்தான் இன்றே எழுத உட்கார்ந்தேன். ஆறப்போட்டால் இந்த அளவுக்கு மனசுவிட்டு எழுத வராது எனக்கு.

அன்று காலை பூங்காவில் தேனீக்கள் கலைந்து கொட்டியதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. பாதிப் பேர் அங்கேயே இருந்தீர்கள், மீதிப் பேருக்கு மதியத்துக்குள் செய்தி வந்துவிட்டது. நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. ஆனால் அந்த நடுக்கத்தோடு சேர்ந்தே உங்கள் முகங்களும் ஞாபகம் வருகின்றன.

தோளில் கிடந்த துண்டையும் போட்டிருந்த சட்டையையும் கழற்றிப் பிள்ளைகள் தலைமேல் போர்த்திவிட்டு, வெற்றுடம்போடு கொட்டு வாங்கிய நடைப்பயிற்சி அண்ணன்மார்களுக்கு. அத்தனை பிள்ளைகளையும் தன் சின்ன அறைக்குள் தள்ளிக் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு, தான் மட்டும் வெளியே நின்ற காவலாளி ஐயாவுக்கு. மீட்டர், வாடகை என்று ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை உள்ளேயே ஓட்டி வந்த ஆட்டோ அண்ணனுக்கு. 108 வண்டியில் வந்த தம்பிகளுக்கு. பாப்பாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதைப் பார்த்தவுடன் சீட்டு போடச் சொல்லி நிறுத்தி வைக்காமல், தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட அவசரப் பிரிவு சிஸ்டருக்கு. பாப்பாவின் அம்மாவான என் அண்ணிக்கு ராத்திரி முழுக்கத் துணை இருந்த பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு. உங்கள் எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேனே என்று வருத்தப்படாதீர்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து சொல்லப்போகிறேன்.

அந்தக் காலேஜ் பெண்ணைப் பற்றி மட்டும் இன்னும் ஒரு வார்த்தை. எல்லோரும் சுண்ணாம்பு கொண்டு வா, மஞ்சள் கொண்டு வா என்று கத்திக்கொண்டிருந்தபோது, அவள் மண்டி போட்டு உட்கார்ந்து, பாப்பாவின் கழுத்திலும் காதிலும் இருந்த கொடுக்குகளை நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தாள். தேனீ போன பிறகும் கொடுக்கோடு ஒட்டியிருக்கும் பை விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்குமாம். எதனால் எடுக்கிறோம் என்பது பெரிதில்லை, எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் கணக்கு என்று பிறகு டாக்டரும் சொன்னார். அம்மா, உன் பேர்கூட எனக்குத் தெரியாது. நீ எங்கே படித்தாலும் நன்றாக வர வேண்டும்.

இப்போது நம் பூக்கார ஆயா.

உடம்பு தேறின பிறகுதான் எங்களுக்குப் பெரிய கஷ்டம் தொடங்கியது. பாப்பா மொட்டை மாடிக்குப் போகமாட்டேன் என்றாள். ஃபேன் சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டாள். வாராவாரம் நான் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிற ஞாயிறு நடை என்றால் முதல் ஆளாக ஷூ மாட்டிக்கொண்டு நிற்கிறவள், போன வாரம் பூங்கா வாசல்வரை வந்து, கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுத் திரும்பிவிட்டாள். கட்டாயப்படுத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நானும் விட்டுவிட்டேன்.

நேற்றும் அதே இடத்தில்தான் நின்றாள். என் துப்பட்டா நுனி அவள் கையில். ஆயா வழக்கம்போல வாசலுக்கு இடப்பக்கம் கூடையை வைத்துப் பூக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா கண்ணு, உள்ள போவலியா?"

பாப்பா பதில் சொல்லவில்லை. கூடையையே பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "ஆயா, பூ வாசனைக்குப் பூச்சி வரும். சிஸ்டர் சொன்னாங்க" என்றாள். சென்ட், தலைக்கு வாசனை எண்ணெய், மல்லிகைப்பூ எல்லாம் வைத்துக்கொண்டு தேன்கூடு இருக்கும் பக்கம் போகாதே என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். அது குழந்தை மனதில் எப்படிப் பதிந்துவிட்டது பாருங்கள். பூங்காவுக்குள் போக வேண்டுமென்றால் ஆயாவின் கூடையைத் தாண்டித்தான் போக வேண்டும். இத்தனை நாள் அவள் பயந்தது அந்தக் கூடைக்கும்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கூடவே இருந்த எனக்குத் தெரியவில்லை, ஆயா கேட்ட ஒரு கேள்வியில் வெளியே வந்துவிட்டது.

ஆயா ஒன்றும் பேசவில்லை. கட்டிக்கொண்டிருந்த சரத்தை நாரோடு சுருட்டி உள்ளே வைத்தார். கூடைமேல் ஈரத்துணியை இழுத்து மூடி, அதன்மேல் சாக்கையும் போட்டார். கூடையைத் தூக்கிக்கொண்டுபோய் எதிர் டீக்கடைத் திண்ணையில் வைத்து, "பாத்துக்கோப்பா" என்றார். பிறகு தன் கொண்டையில் இருந்த பூவை எடுத்து அந்தச் சாக்குக்கு அடியில் செருகினார். அவர் தலையில் பூ இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. டீக்கடையில் ஒரு சோப்புத் துண்டு வாங்கி, கிளாஸ் கழுவும் குழாயடியில் நின்று முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். விரல் இடுக்கெல்லாம் விடாமல் கழுவினார். வருஷக்கணக்காக மல்லி கட்டுகிற கை. அந்த வாசனை லேசில் போகாது என்று அவருக்குத் தெரியும்.

ஈரக் கையை முந்தானையில் துடைக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டு வந்து பாப்பா முன்னால் குந்தினார். முந்தானையிலும் பூ வாசம் இருக்குமே!

"தோ, மோந்து பாரு. இன்னா வாசன வருது?"

பாப்பா குனிந்து மோந்து பார்த்தாள். "சோப்பு."

"அப்ப வா, போலாம். நான் இத்தினி வருசமா வாசல்லயே குந்தினுகீறேன், உள்ள இன்னா கீதுன்னு பாத்ததில்ல. நீதான் கண்ணு எனக்கு வழி காட்டணும்."

என் துப்பட்டாவை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் பின்னாலேயே நடந்தேன். முதல் பத்தடிக்கு இரண்டு பேரும் பேசவில்லை. எட்டு வடிவ நடைபாதை வந்ததும் பாப்பா, "இதுல இப்டி சுத்தி இப்டி வரணும் ஆயா" என்று காட்டினாள். கூழாங்கல் பதித்த பாதையில் ஆயா வெறுங்காலோடு கால் வைத்துவிட்டு "ஐயோ, குத்துது" என்று கத்த, பாப்பா சிரித்தாள். கொட்டு வாங்கிய நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்கவே இல்லை. அப்புறம் அவள் வாய் ஓயவில்லை. இது வேம்பு, இது புங்கை, இது நாவல் என்று நாங்கள் ஞாயிறு நடையில் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் ஆயாவுக்கு ஒப்பித்தாள். ஆயா புங்கமரத்தடியில் நின்று, தன் ஊரில் அந்தக் கொட்டையை ஆட்டி எண்ணெய் எடுத்துத்தான் விளக்கு எரிப்பார்கள் என்றார். அது எங்கள் யாருக்கும் தெரியாத சேதி. "அடுத்த வாரம் எல்லார்கிட்டயும் சொல்லணும் அத்தை" என்று பாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த வாரம் என்று அவளாகவே சொன்னாள்.

தேன்கூடு இருந்த அந்தத் தூங்குமூஞ்சி மரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே அவள் கால் நின்றுவிட்டது. ஆயா இழுக்கவில்லை. தைரியம் சொல்லவும் இல்லை. கூடவே நின்றார். அண்ணாந்து பார்த்தார்கள் இரண்டு பேரும். கிளையில் வெறும் அடை மட்டும் காய்ந்து கறுத்துத் தொங்குகிறது. "போயிடுச்சி பாரு, எல்லாம் வேற எங்கியோ போயிடுச்சி" என்றார் ஆயா. அங்கிருந்தே திரும்பினோம். பாதிச் சுற்றுதான். எனக்கு அது போதும்.

நேற்று முகூர்த்த நாள். மல்லிக்கு நல்ல விலை. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் வாசலில் வந்து கேட்டுவிட்டு, ஆயா இல்லை என்று வேறு பக்கம் போனதை டீக்கடை அண்ணன் பிறகு சொன்னார். போணி ஆகும் நேரத்தில் கூடையை மூடி வைத்துவிட்டு வந்திருக்கிறார். நான் பணம் கொடுக்கப்போனபோது நன்றாகத் திட்டு வாங்கினேன். "இன்னாமா, கொயந்த கூட நடந்ததுக்குக் காசா?"

ஆயா, நீங்கள் இதைப் படிக்கமாட்டீர்கள். நானே வாசலில் உட்கார்ந்து உங்களுக்குப் படித்துக் காட்டுவேன்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அந்தக் கோபத்தில் சிலர் கூட்டைக் கொளுத்திவிடலாம், மரத்தையே வெட்டிவிடலாம் என்றீர்கள். உங்கள் கோபம் பாப்பாமேல் வைத்த பாசம், அதை நான் அறிவேன். எனக்கும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் இருந்தது. தீயணைப்புத் துறை அண்ணன்மார்கள் வந்து பார்த்து, கயிறு கட்டி ஆள் போகாமல் தடுத்தார்கள், கூட்டைத் தொடவில்லை. அவை மலைத்தேனீக்கள். உயரமான கிளையிலும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் மறைப்பே இல்லாமல் ஒற்றை அடை கட்டித் தொங்கும், பருவம் மாறினால் தானாகவே கிளம்பிவிடும். பருந்தோ காகமோ கொத்தினாலும், யாராவது கல் விட்டாலும், புகை போட்டாலும் மிரண்டுவிடும். ஒன்று கொட்டினால் அதிலிருந்து கிளம்பும் வாசனையே மற்றதைக் கூப்பிட்டுவிடும். கொட்டிய தேனீ பிறகு பிழைப்பதில்லை. இரவில் தீ வைத்தால் கூடு மட்டுமா போகும், மரமும் கருகும், கொளுத்துகிறவரும் மாட்டிக்கொள்வார். வடசென்னையில் நமக்கு இருக்கிற மர நிழலே கொஞ்சம். அந்த மரத்தடியில் மதியம் படுத்துத் தூங்குகிற லோடு இறக்கும் அண்ணன்மார்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஞாயிறு நடையை நிறுத்திவிடு என்று அக்கறையோடு சொன்னவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்தமாட்டேன். ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கிற தெருவிலிருந்து வருகிற பிள்ளைகள் இவர்கள். மரப்பட்டைமேல் தாளை வைத்து கிரேயானால் தேய்த்து அதன் வரியை எடுப்பது, தவிட்டுக்குருவி எத்தனை சேர்ந்து வருகிறது என்று எண்ணுவது, கையால் வரைந்த வரைபடத்தை வைத்துப் பூங்காவுக்குள் ஒளித்து வைத்ததைத் தேடுவது, கண்ணைக் கட்டிக் கயிறு பிடித்து நடப்பது, இதெல்லாம் அவர்களுக்கு வேறு எங்கே கிடைக்கும்? ராயபுரம் ராபின்சன் பூங்காவுக்குப் போனபோது ஒரு பெரியவர் தானாக வந்து, 1949 செப்டம்பரில் திமுகவை அண்ணா தொடங்கிய கூட்டம் இங்கேதான் நடந்தது, அன்று கொட்டும் மழை என்று நின்று கதை சொன்னாரே, அதைப் பிள்ளைகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாடிப் பூங்காவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். 18ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் கட்டிய நகர மதிலில் மிஞ்சி நிற்கிற துண்டின்மேல் நடக்கப்போகிறோம் என்று அவர்களுக்கு ஒரே ஆவல். அதையும் விடமாட்டேன்.

இனி எந்தப் பூங்காவுக்குப் போனாலும், பிள்ளைகளை உள்ளே விடுவதற்கு முன் நான் ஒரு சுற்று போய் மரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவேன். காவலாளியிடம் கேட்பேன். தேனீ கலைந்தால் கையை வீசாமல், சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, கதவுள்ள இடத்துக்கு நிற்காமல் ஓட வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் பழக்கிவிடுவேன். கொட்டிய பிறகு உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றினாலோ வீட்டு வைத்தியத்துக்கு நேரமே கிடையாது, உடனே 108. இதைப் பெற்றோர்களும் மனதில் வையுங்கள்.

கடைசியாக, பணம் வாங்க மறுத்த ஆயா என்னிடம் கேட்டது ஒன்று உண்டு. விடிவதற்கு முன்பே வந்து உட்காருகிறார். வாசலில் வெளிச்சம் இல்லை. டீக்கடை திறக்கும்வரை இருட்டில் கைத்தடவலில்தான் பூக் கட்டுகிறார். "ஒரு லைட்டு போடச் சொல்லும்மா" என்றார். மனு எழுதிவிட்டேன். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாசலில் வைத்திருப்பேன். நடக்க வருகிறவர்கள், பிள்ளைகளை விட வருகிறவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போங்கள். திங்கட்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

நன்றியோடு,
பாப்பாவின் அத்தை
பெரம்பூர்