வட அமெரிக்கக் குளிரும் முதல் குடியேறிகளும்: ஒரு மறுப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வட அமெரிக்காவுக்கு முதலில் போன ஐரோப்பியர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் உழைத்திருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மனிதர்களை "குளிர்காலம் என்று ஒன்று வரும் என்பதைக்கூட யோசிக்காத கூட்டம்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டாரே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. அவர்கள் நன்றாக யோசித்துத்தான் கப்பல் ஏறினார்கள். எதை வைத்து யோசித்தார்களோ அந்தக் கணக்கு தப்பு. அதைச் சொல்லாமல் விட்டால் அத்தனை பேர் ஏன் செத்தார்கள் என்பது வாசகருக்குப் புரியவே புரியாது.

ஒரே அட்சரேகையில் இருக்கும் ஊர்களுக்கு ஒரே மாதிரி வெயிலும் ஒரே மாதிரி குளிரும் இருக்கும், இதுதான் அந்தக் கணக்கு. கிரேக்கர் காலத்திலிருந்து படித்தவர்கள் நம்பி வந்தது. சூரியன் ஒரே கோணத்தில் அடிக்கிறது என்றால் சூடும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இன்று நம் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்லும். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் கனடாவின் கிழக்குக் கரையோரத் தீவான நியூஃபவுண்ட்லாந்தின் தென்பகுதி பாரிசுக்கும் தெற்கே இருக்கிறது, ஆங்கிலேயர் குடியேறிய வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் ஏறக்குறைய 37 டிகிரியில், ஸ்பெயினின் செவில் நகரத்துக்கு நேராக. அதனால்தான் வர்ஜீனியாவிலிருந்து பட்டும் ஒயினும் ஆலிவ் எண்ணெயும் வரும் என்று லண்டனில் பணம் போட்டவர்கள் காத்திருந்தார்கள். 1619-இல் வர்ஜீனியாவில் கூடிய சபை, குடியேறிகள் வருஷாவருஷம் மல்பெரிக் கன்று நட வேண்டும், திராட்சைக் கொடி நட வேண்டும் என்று சட்டமே போட்டது.

நான் இருப்பது டொரொன்டோவில். இந்த ஊரும் பிரான்சின் தெற்குக் கடற்கரையில் இருக்கும் நீஸும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை. அங்கே எலுமிச்சை காய்க்கிறது, இங்கே ஜனவரியில் வீட்டு வாசலில் பனியை வாரிக்கொட்டினால்தான் வெளியே போக முடியும். காரணம் காற்றின் திசை. இந்த அட்சரேகைகளில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது. மேற்கு ஐரோப்பாவுக்கு அது அட்லாண்டிக் கடலைத் தாண்டி, கடலின் வெதுவெதுப்பை ஏந்திக்கொண்டு வருகிறது. வட அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அதே காற்று உறைந்து கிடக்கும் ஒரு கண்டத்தைக் கடந்து வந்து சேர்கிறது. போதாததற்கு லாப்ரடார் நீரோட்டம் வடக்கிலிருந்து குளிர்ந்த நீரைக் கரையோரமாக இறக்குகிறது. நியூ இங்கிலாந்தில் இருந்த ரோஜர் வில்லியம்ஸ் 1643-லேயே, இந்தக் குளிருக்கு வடமேற்குக் காற்றுதான் காரணம், அது பனி மூடிய நிலத்தின் மேலாக வருகிறது என்று எழுதிவிட்டார். ஆனால் அதற்குள் பல குளிர்காலங்கள் ஆட்களை வாரிக்கொண்டு போயிருந்தன.

கட்டுரையில் செயின்ட் க்ராய் தீவுக்கு இரண்டே வரி. எனக்கு அதுதான் பெரிய வருத்தம். இன்றைய அமெரிக்க, கனடா எல்லையில் ஓடும் ஆற்றின் நடுவே ஒரு சின்னத் தீவு அது. பியேர் துகுவா த மோன் தலைமையில் 79 பிரெஞ்சுக்காரர்கள் 1604 கோடையில் அங்கே இறங்கினார்கள், வரைபடம் வரைபவரான சாமுவேல் சாம்ப்ளேனும் கூட இருந்தார். அட்சரேகை ஏறக்குறைய பிரான்சின் போர்தோ நகரத்துக்குச் சமம். தீவைத் தேர்ந்தெடுத்ததுகூட யோசித்துச் செய்த வேலைதான், சுற்றிலும் தண்ணீர், எதிரி சுலபமாக வர முடியாது. ஆனால் அக்டோபர் 6-ஆம் தேதியே பனி விழுந்தது. அப்புறம் ஆற்றில் பனிக்கட்டிகள் மிதக்க ஆரம்பித்தன, அலைகளோடு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்த அந்தக் கட்டிகளுக்கு நடுவே படகு விட முடியவில்லை, கண்ணுக்கு எதிரே கரை, கரையில் விறகும் நல்ல தண்ணீரும், போக வழியில்லை. பனியை உருக்கிக் குடித்தார்கள். ஆப்பிள் மது பீப்பாயிலேயே உறைந்து போக, ஆளுக்கு இவ்வளவு என்று எடைபோட்டுக் கொடுத்தார்கள். உப்புக்கண்டத்தையே தின்றுகொண்டிருந்ததில் ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி குறைவால் வரும் நோய், வந்தது, ஈறு அழுகி, பற்களை விரலால் பிடுங்கிவிடலாம் என்ற நிலை, கால் வீங்கி எழுந்திருக்க முடியவில்லை. நோய் என்னவென்று தெரியாமல் செத்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்தார்கள். வசந்தம் வருவதற்குள் 35 பேர் போய்விட்டார்கள், ஏறக்குறைய பாதி. கோடையில் வந்து பார்ப்பவருக்கு எல்லாம் இனிமையாகத்தான் தெரியும், ஒரு குளிர்காலம் இருந்து பார்க்காமல் இந்த நாட்டை அறிய முடியாது, இங்கே குளிர்காலம் ஆறு மாதம் என்று சாம்ப்ளேன் எழுதியதில் எவ்வளவு வலி இருக்கிறது பாருங்கள். அடுத்த கோடையில் வீட்டு மரங்களைக் கழற்றிக்கொண்டு ஃபண்டி வளைகுடாவைத் தாண்டி போர்ட் ராயலுக்கு இடம் மாறினார்கள். பட்டதிலிருந்து கற்றுக்கொண்டவர்களை யோசிக்காதவர்கள் என்று எப்படிச் சொல்வது?

அதேபோல் கட்டுரையில் பெயரே வராத ஒருவர் ஜார்ஜ் கால்வெர்ட், அதாவது பால்டிமோர் பிரபு. நியூஃபவுண்ட்லாந்தின் ஃபெரிலாந்தில் அவர் பணம் போட்டு ஒரு குடியிருப்பு அமைத்தார். அங்கிருந்து அவருடைய ஆட்கள் எழுதிய கடிதங்கள் நிலத்தையும் பருவத்தையும் புகழ்ந்தே வந்தன. அதை நம்பி 1628-இல் குடும்பத்தோடே போய்விட்டார். ஒரே குளிர்காலம். 1629 ஆகஸ்டில் மன்னர் முதலாம் சார்லசுக்குக் கடிதம் எழுதினார்: அக்டோபர் நடுவிலிருந்து மே நடுவரை இந்த நாடு முழுக்கக் குளிர்காலத்தின் சோகமுகம்தான், நிலமும் கடலும் உறைந்து கிடக்கின்றன, என் வீடு குளிர்காலம் முழுக்க ஆஸ்பத்திரியாக இருந்தது, நூறு பேரில் ஐம்பது பேர் ஒரே சமயத்தில் படுக்கையில், அதில் நானும் ஒருவன், ஒன்பது பத்துப் பேர் இறந்துவிட்டார்கள். பணமும் பேரும் போட்டுத் தொடங்கிய ஒன்றைத் தோற்றுவிட்டது என்று அரசருக்கே எழுதுவதற்கு நேர்மை வேண்டும். தெற்கே நிலம் கேட்டார், அவர் இறந்த பிறகு 1632-இல் மகனுக்குக் கிடைத்த அந்த நிலம்தான் மேரிலாந்து.

குளிர் மட்டும்தான் சோதித்தது என்பதும் சரியில்லை. ஜேம்ஸ்டவுனில் 1607 மே மாதம் இறங்கிய 104 பேரில் அடுத்த ஜனவரியில் மிஞ்சியவர்கள் 38 பேர், அந்தச் சாவுகளில் பெரும்பங்கு கோடையிலேயே நடந்தது. ஆற்றுத் தண்ணீர் உப்பு, கூடவே மழை இல்லை. அந்தப் பகுதியின் பழைய சைப்ரஸ் மரங்களின் வளையங்களை ஆராய்ந்தவர்கள், 1606 முதல் 1612 வரை 770 ஆண்டுகளில் காணாத வறட்சி என்று 1998-இல் கண்டறிந்தார்கள். அக்கம்பக்கத்துப் பூர்வகுடிகளிடம் சோளம் கேட்டு மிரட்டினார்களே, அவர்கள் வயலும் அதே வறட்சியில்தான் காய்ந்து கொண்டிருந்தது.

கடைசியாக, கட்டுரையில் பூர்வகுடிகள் கம்பளி போர்த்திக்கொண்டு பின்னணியில் நிற்கிறார்கள், அவ்வளவுதான். இதை மட்டும் என்னால் சும்மா விட முடியாது. 1535-36 குளிர்காலத்தில் பிரெஞ்சுக் கடலோடி ழாக் கார்த்தியே இன்றைய கியூபெக் நகரம் இருக்கும் இடத்தில், ஸ்டாடக்கோனா என்ற ஊருக்குப் பக்கத்தில் உறைந்த ஆற்றில் சிக்கிக்கொண்டார். 110 பேரில் 25 பேர் ஸ்கர்வியில் செத்தார்கள். மிச்சம் இருந்தவர்களிலும் எழுந்து நடமாடியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தால் தாக்குவார்களோ என்ற பயத்தில், கப்பலுக்குள்ளே சுத்தியலால் தட்டச் சொல்லி வேலை மும்முரமாக நடப்பதுபோல் காட்டினார் கார்த்தியே. அப்போது ஊர்த்தலைவர் டொன்னக்கோனாவின் மகன் டொமகாயா வந்தார். சில நாட்களுக்கு முன்பு முழங்கால் வீங்கிக் கிடந்தவர், இப்போது நன்றாக நடக்கிறார். எப்படிக் குணமாயிற்று என்று கேட்டார் கார்த்தியே, அப்போதும் தன் ஆட்களின் நிலையை மறைத்து வேலைக்காரன் ஒருவனுக்கு மட்டும் நோய் என்று சொல்லி. டொமகாயா தயங்காமல் மருந்தைச் சொன்னார். ஒரு மரத்தின் இலையையும் பட்டையையும் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும், சக்கையைக் காலில் பூச வேண்டும். பெண்கள் கிளைகளை ஒடித்து வந்து செய்முறையும் காட்டினார்கள். பெரிய மரம் ஒன்றையே ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட்டார்கள், எழுந்து நடந்தார்கள்.

வசந்தத்தில் கார்த்தியே செய்தது என்ன? டொன்னக்கோனாவையும் டொமகாயாவையும் இன்னும் சிலரையும் பிடித்துக் கப்பலில் ஏற்றிப் பிரான்சுக்குக் கொண்டுபோனார். அவர்களில் ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை. ஏறக்குறைய எழுபது வருஷம் கழித்து செயின்ட் க்ராய் தீவில் த மோனின் ஆட்கள் பல் உதிர்ந்து செத்தபோது, அந்த மருந்தைக் காய்ச்சிக் கொடுக்க அங்கே ஆளில்லை.

உங்கள் கட்டுரை தொடராக வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த பகுதியிலாவது டொமகாயாவின் பெயர் வர வேண்டும். செயின்ட் க்ராய் பற்றிய அந்த இரண்டு வரிகளையும் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
டொரொன்டோ