டிசைன் ஃபைலும் ஜெராக்ஸும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லோருக்கும் வணக்கம். அக்காக்கள், தங்கைகள், பெரியம்மாக்கள், அப்புறம் அம்மாவுக்கு நூல் வாங்க வந்து கடைசியில் தங்களுக்கும் ஒரு ஊசி வாங்கிப்போன தம்பிகள், ஒருவரையும் விடவில்லை.

நம் நூல் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீல ஃபைல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் இருப்பவை எல்லாம் கடைக்கு வருகிறவர்கள் தாங்களே யோசித்துப் பின்னி, தங்கள் கையெழுத்தில் எழுதிக்கொடுத்த குரோஷா டிசைன்கள் (குரோஷா என்றால் கொக்கி ஊசி ஒன்றால் நூலைப் பின்னுகிற கைவேலை). டம்ளர் மூடி, வாசல் தோரணம், கைக்குழந்தைக்குத் தொப்பி, செல்போன் பை என்று போகும். யார் வேண்டுமானாலும் போட்டோ பிடிக்கலாம், ஜெராக்ஸ் போடலாம். காசு கிடையாது, நூலை நம்மிடம்தான் வாங்க வேண்டும் என்றும் கிடையாது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய ஒரு பேட்டர்னை, அதாவது பின்னும் முறை எழுதிய தாளை, கொண்டுவந்து "பத்து காப்பி போட்டுக் கொடுங்கள், எங்கள் குரூப்பில் எல்லோருக்கும் வேண்டும்" என்றால் மாட்டோம் என்கிறோம். அது ஓசி, இது மட்டும் ஏன் ஆகாது என்று சிலர் முகத்துக்கு நேரே கேட்டார்கள். சிலர் ஒன்றும் கேட்காமல் அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விட்டார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

முதலில் ஓசிக் கதை.

ஃபைலில் டம்ளர் மூடித் தாளை எடுத்துப் பாருங்கள். நீல மையில் எழுதியது முதலில் கொடுத்தவர். நடுவில் வளையம் போட்டு அதில் 6 சிங்கிள் குரோஷா (குட்டையான கண்ணி; கண்ணி என்பது ஊசியால் போடுகிற ஒரு பின்னல்), அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு, ஆக 12, அதற்கடுத்து 18, 24 என்று டம்ளர் வாய் அளவுக்கு வரும்வரை போய், ஓரத்தில் 5 சங்கிலிக் கண்ணிக்கு ஒரு பாசி என்று 8 பாசி வைத்து முடிக்க வேண்டும். பாசி அழகுக்கு மட்டுமில்லை, ஃபேன் காற்றில் மூடி பறக்காமல் இருக்கவும்தான். இதற்கு மேலே, தாளின் தலையில், சிவப்பு மையில் வேறொருவர் எழுதியிருக்கிறார்: "பின்ன ஆரம்பிக்கும் முன்பே பாசியை எல்லாம் நூலில் கோத்து வைத்துக்கொள்ளவும்." முதலில் எழுதியவருக்கு அது கை தானாகச் செய்கிற வேலை, சொல்லத் தோன்றவில்லை. தாளைப் பார்த்துப் பின்னிய இரண்டாமவருக்குக் கடைசிச் சுற்றில்தான் தெரிந்தது, இனி பாசி உள்ளே போக வழியே இல்லை என்று. பிரித்து மறுபடி பின்னிவிட்டு, நேராகக் கடைக்கு வந்து அந்த வரியை எழுதிவிட்டுப் போனார். அடியில் பென்சிலில் மூன்றாமவர் கையெழுத்து: அவர் வீட்டில் பால் சட்டிக்குப் பெரிய மூடி வேண்டியிருந்ததால் 60 கண்ணி வரை போனாராம், 8 பாசி போதாது, 12 வேண்டும் என்கிறார்.

ஃபைலை வைத்திருப்பதே இதற்காகத்தான். ஒரு டிசைனைத் தனியாக வைத்துப் பின்னுகிற சந்தோஷம் வேறு. அது இன்னொருவர் கைக்குப் போய் கொஞ்சம் மாறி, "நீங்கள் எழுதியதைப் பார்த்துத்தான் பின்னினேன்" என்று ஒருவர் நூல் கேட்டு வந்து நிற்கும்போது, எழுதியவரும் தற்செயலாக அங்கே நின்றால், அந்த இரண்டு பேர் முகத்தையும் பார்ப்பது வேறு. கல்லாவில் உட்கார்ந்திருப்பதில் கிடைக்கிற பெரிய லாபம் இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த 6, 12, 18 கணக்கைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். ஏன் சுற்றுக்கு ஆறு கூட வேண்டும், ஐந்தோ எட்டோ கூட்டினால் என்ன? சிங்கிள் குரோஷாக் கண்ணி ஒன்றின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரு சுற்று முடிந்தால் வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி கூடுகிறது, அப்படியானால் சுற்றளவு 2π (பை என்பது 3.14), அதாவது ஆறே கால் கண்ணி கூட வேண்டும். அதனால்தான் ஆறு. டபுள் குரோஷா அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம் என்பதால் அங்கே 12. குறைத்துக் கூட்டினால் ஓரம் மேலே எழும்பிக் கிண்ணம் ஆகிவிடும். தொப்பிக்கு அதுதான் வேண்டும், மூடிக்கு ஆகாது. அதிகமாகக் கூட்டினால் ஓரம் அலை அலையாகச் சுருளும்.

சுருண்டால் வீணாகிவிட்டது என்று பிரித்துவிடாதீர்கள். அந்தச் சுருளைத்தான் 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற லாட்வியா நாட்டுக் கணித ஆசிரியை வேண்டுமென்றே பின்னினார். அதிபரவளையத் தளம் என்று கணிதத்தில் ஒரு பரப்பு உண்டு. தாளில் வெட்டி ஒட்டினால் சீக்கிரம் கிழிந்துபோகிற மாதிரிகளை வைத்துக்கொண்டு அதை மாணவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் ஊசியை எடுத்து, இத்தனை கண்ணிக்கு ஒன்று கூட்டு என்ற ஒரே விதியை விடாமல் பிடித்துப் பின்னி, கையில் எடுத்து மடக்கிப் பார்க்கிற மாதிரி செய்துவிட்டார். பிறகு 2005-இல், ஆஸ்திரேலியாவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் போய்க் குடியேறிய மார்கரெட் வெர்தைம், கிறிஸ்டின் வெர்தைம் என்ற இரட்டைச் சகோதரிகள் அதே முறையை எடுத்து, நடுவில் விதியைக் கொஞ்சம் கொஞ்சம் மீறி, பவளப்பாறை போலப் பின்ன ஆரம்பித்தார்கள். ஊர் ஊராக ஆட்கள் சேர்ந்து அவரவர் ஊருக்கு ஒரு நூல் பவளப்பாறை உண்டாக்கினார்கள். எழுதிப் பார்த்தால் மொத்த டிசைனும் ஒரே வரி. அந்த ஒரு வரியை யாரும் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதெல்லாம் வெளிநாட்டு விஷயம் என்கிறவர்களுக்கு நம் சென்னையே இருக்கிறது. மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்ற குழு 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் விரித்த போர்வை 11,148.5 சதுர மீட்டர், கின்னஸ் சாதனை. நம் ஊர்க் கணக்கில் இரண்டே முக்கால் ஏக்கர் வரும். வீட்டுக்கு வீடு தனித்தனியாகப் பின்னி அனுப்பியதைச் சேர்த்து இணைத்தது அது. ஒருவர் இறுக்கிப் பின்னுவார், இன்னொருவர் தளர்த்திப் பின்னுவார். அளவு ஒன்றாக வந்தால்தானே ஓரத்தோடு ஓரம் சேரும்? அங்கே அவரவர் இஷ்டத்துக்கு மாற்றுவது நடக்காது.

மாற்றவே கூடாத டிசைனுக்கு இன்னும் நல்ல உதாரணம் ஆக்டோபஸ் பொம்மை. 2013-இல் டென்மார்க்கில் குறைமாதக் குழந்தைகளுக்காக ஆரம்பித்தது, இன்று பல நாடுகளில் பின்னுகிறார்கள். கைகள் தொப்புள்கொடி மாதிரி இருப்பதால் குழந்தை மருத்துவக் குழாயைப் பிடித்து இழுக்காமல் இதைப் பிடித்துக்கொள்ளும் என்பது எண்ணம். மருத்துவம் உறுதிசெய்த விஷயம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். அதற்கு நூறு சதவீதம் பருத்தி நூல்தான். கையை இழுத்துப் பிடித்தாலும் 22 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. உள்ளே அடைத்த பஞ்சு வெளியே வராத அளவுக்கு நெருக்கமாகப் பின்ன வேண்டும், 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் தாங்க வேண்டும். கை நீளமாக இருந்தால் அழகாக இருக்குமே என்று கூட்டிவிடாதீர்கள், அது குழந்தையின் விரலிலோ கழுத்திலோ சுற்றிக்கொள்ளும். மருத்துவமனை கேட்டால் மட்டும் கொடுங்கள், நீங்களாகக் கொண்டுபோய் நர்சம்மாக்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். அந்தத் தாளை மட்டும் லேமினேட் செய்து வைத்திருக்கிறோம், மேலே யாரும் எழுத முடியாதபடி.

சரி, இப்போது ஜெராக்ஸ் சண்டைக்கு வருவோம்.

குரோஷாவில் ஒரு விசேஷம் உண்டு. ஸ்வெட்டர் பின்னலை மெஷின் செய்துவிடும், திருப்பூரில் போய்ப் பார்த்தால் தெரியும். ஆனால் உண்மையான குரோஷாவைக் கடையில் விற்கிற அளவுக்குப் பின்னித்தள்ள மெஷின் கிடையாது. அந்த மாதிரி தெரிகிற லேஸை மெஷினில் செய்கிறார்கள், அது வேறு பின்னல். ஆக, கடையில் தொங்குகிற ஒவ்வொரு குரோஷாத் துணிக்குப் பின்னாலும் ஒரு ஆள், பெரும்பாலும் ஒரு பெண், உட்கார்ந்து பின்னியிருக்கிறார். ஆந்திராவில் மேற்கு கோதாவரிப் பக்கம் நரசாபுரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் மெல்லிய நூலில் குரோஷா லேஸ் பின்னுகிறார்கள். அந்த மேஜை விரிப்பு எங்கெங்கோ ஏற்றுமதி ஆகிறது, பின்னியவர் கைக்கு வருவது மட்டும் எப்போதும் கொஞ்சம்தான்.

1845-இல் தொடங்கிய பஞ்சத்தில் அயர்லாந்து உருளைக்கிழங்கு இல்லாமல் பட்டினி கிடந்தபோது அங்கே வீட்டுக்குச் சோறு போட்டதில் குரோஷாவுக்கும் பங்கு உண்டு. மொனஹன் பகுதியில் க்ளோனிஸ் என்ற ஊரில் கசாண்ட்ரா ஹேண்ட் என்ற பாதிரியார் மனைவி 1847-இல் ஊர்ப் பெண்களுக்கு இதைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். பூ, இலை, திராட்சை என்று ஒவ்வொரு வீடும் ஒரு வடிவத்தில் கை தேர்ந்தது. எங்கள் வீட்டுப் பூவை அடுத்த வீடு கற்றுக்கொண்டால் எங்கள் கூலி போய்விடும் என்று, ஆள் வந்தால் பின்னிக்கொண்டிருப்பதை மறைத்துவிடுவார்களாம். நீல ஃபைல் வைத்திருக்கிற நாம் அதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல முடியுமா? ரசப்பொடி அளவு கேட்டால் பக்கத்து வீட்டு அக்கா உடனே சொல்லிவிடுவார், அதே பொடியைப் பாக்கெட் போட்டு விற்றுப் பிழைக்கிறவரிடம் போய் அளவு கேட்க நமக்கே கூச்சமாக இருக்கும், இல்லையா?

இன்று பேட்டர்ன் எழுதி விற்கிறவர்களும் அந்த இரண்டாவது ஆள்தான். ஒரு யானைப் பொம்மைக்குப் பேட்டர்ன் எழுத வேண்டுமென்றால் அதைப் பலமுறை பின்னிப் பிரித்து, அளவு மாற்றி, நாலு பேரிடம் கொடுத்துச் சோதித்து, படம் எடுத்து, அப்புறம்தான் விலை போடுகிறார்கள். நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுதியவர் காலம் முழுக்கவும், அதற்குப் பின் 60 ஆண்டும் அந்த எழுத்துக்குப் பாதுகாப்பு தருகிறது. கண்ணி யாருக்கும் சொந்தமில்லை, வட்டம் பின்னுகிற கணக்கும் யாருக்கும் சொந்தமில்லை. அவர் எழுதிய தாளும் எடுத்த படமும் அவருடையவை. பத்துப் பேருக்கு வேண்டுமென்றால் பத்துப் பேரும் வாங்கட்டும், இல்லாவிட்டால் பத்துப் பேரும் ஒரு வீட்டில் கூடி, வாங்கியவர் பக்கத்தில் உட்கார்ந்து பின்னட்டும். அதை யாரும் தடுக்கப்போவதில்லை. பழைய பேட்டர்னாக இருந்தால் தாராளம்: 1840-களிலேயே குரோஷா புத்தகம் அச்சிட்டு விற்ற ரியேகோ த லா பிராஞ்சர்தியேர் என்ற பெண்மணி இறந்தது 1887-இல், அவருடையதை எத்தனை காப்பி வேண்டுமானாலும் போட்டுத் தருகிறோம், ஜெராக்ஸ் காசு மட்டும் கொடுங்கள்.

இனி ஃபைலுக்கு டிசைன் எழுதித் தருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மிடம் வருகிறவர்களில் கான்வென்ட்டில் சிஸ்டர்களிடம் கற்றுக்கொண்ட பெரியவர்கள் பிரிட்டிஷ் பெயர்களைச் சொல்கிறார்கள், யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அமெரிக்கப் பெயர்களை. பிரிட்டிஷ்காரரின் டபுள் குரோஷாதான் அமெரிக்கக்காரரின் சிங்கிள் குரோஷா. பெரியம்மா எழுதிய தொப்பியைப் பேத்தி பின்னினால் இரண்டு மடங்கு உயரத்தில் வந்து நிற்கும். அதனால் தாளின் மேலே எந்த ஊர்க் கணக்கு என்று எழுதிவிடுங்கள் (இந்த மடலில் உள்ளது அமெரிக்கக் கணக்கு), முடிந்தால் குறியீட்டில் வரைந்துவிடுங்கள்: சங்கிலிக்கு நீள்வட்டம், சிங்கிளுக்குக் கூட்டல் குறி, டபுளுக்கு டி எழுத்தின் நடுவில் ஒரு சாய்கோடு. ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல் ஜப்பானியப் பேட்டர்னைப் பின்னிவிடுகிறோம் என்றால் இந்தப் படங்களால்தான்.

ஊசி எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள், நூல் எதுவென்றும் எழுதுங்கள். வெறுமனே "உல்லன்" என்று எழுதினால் போதாது. நம் ஊரில் உல்லன் என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல், இஸ்திரிப்பெட்டி சூடு பட்டால் உருகிவிடும். அடுப்புப் பக்கம் வைக்கிற பிடிதுணிக்குப் பருத்தி நூல்தான் வேண்டும். உடுப்பு என்றால் 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று பின்னி, அதில் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை வந்தது என்று குறித்துவிடுங்கள், எதிர்ப்பக்கம் பின்னுகிறவர் தன் கை இறுக்கத்தைப் பார்த்து ஊசியை மாற்றிக்கொள்வார். உங்கள் பெயரைப் போடுங்கள், போட வெட்கமாக இருந்தால் தெருப் பெயராவது போடுங்கள், "மேலத்தெரு அக்கா டிசைன்" என்றே ஒரு தோரணம் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொருவர் டிசைனை மாற்றியது என்றால் அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

சனிக்கிழமை மதியம் கூட்டம் குறைவு, உள்ளே நாற்காலி போட்டு வைக்கிறோம், எழுத வராதவர்கள் வந்து பின்னிக் காட்டினால் நாங்களே பார்த்து எழுதிக்கொள்கிறோம். ஃபைலில் இன்றுவரை இடக்கைக்காரர்களுக்கு என்று ஒரு தாள்கூட இல்லை. வலக்கைக்காரர் படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்துக்கொண்டு பின்னுகிறோம் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். உங்களில் யாராவது டம்ளர் மூடியை இடக்கைக்குத் திருப்பி எழுதித் தந்தால் அதைத்தான் ஃபைலில் முதல் தாளாக வைக்கப்போகிறோம்.

அன்புடன்,
உங்கள் நூல் கடையிலிருந்து