கிளைவ் சல்லிவன் சாலையிலிருந்து அப்பாவுக்கு

ஹல், இங்கிலாந்து
நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். தொலைபேசியில் அழைத்தால் "சாப்பிட்டாயா, குளிர் எப்படி?" என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். இதையாவது நீங்களே கடைசிவரை படித்தாக வேண்டும்.

போன வாரம் ஒன்று கேட்டீர்கள். "அந்த ஊர்க்காரர்கள் உன்னைத் தங்கள் மனுஷியாக நினைப்பார்களா, இல்லை எப்போதும் வந்தவள்தானா?" சிக்னல் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

காலை ஆறரைக்கு, இருட்டோடு இருட்டாக, உடன் வேலை பார்க்கும் ஒரு பெண் என்னைக் காரில் ஏற்றிக்கொள்கிறாள். ஹம்பர் ஆற்றை ஒட்டி மேற்கே போகும் பெரிய சாலை. வழியெல்லாம் லாரிகள். சாலையின் பெயர் கிளைவ் சல்லிவன் வே. யாரோ பிரபுவாகவோ தளபதியாகவோ இருப்பார் என்று முதல் இரண்டு மாதம் நினைத்திருந்தேன். ரக்பி லீக் ஆட்டக்காரர் என்பதை நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில்தான் தெரிந்துகொண்டேன். அவர் இந்த ஊர்க்காரரும் இல்லை, இங்கிலாந்துக்காரரும் இல்லை. வேல்ஸ் நாட்டில், கார்டிஃப் நகரின் ஸ்ப்ளாட் என்ற பகுதியில் பிறந்த கறுப்பின மனிதர்.

ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பிடிக்கும். சடுகுடுவை நினைத்துக்கொள்ளுங்கள். பந்து வைத்திருப்பவர்தான் பாடிப் போகிறவர். எதிரே பதின்மூன்று பேர். இடுப்பைப் பிடிக்கலாம், காலைப் பிடிக்கலாம், தலையைத் தொடக்கூடாது. பிடித்துச் சாய்த்துவிட்டால், எழுந்து பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஆறு முறை பிடிபட்டால் பந்து அநேகமாக எதிரணிக்குப் போய்விடும். கடைசிக் கோட்டைத் தாண்டித் தரையில் பந்தைப் பதித்தால் அது 'ட்ரை'. இப்போது அதற்கு 4 புள்ளி, சல்லிவன் காலத்தில் 3. பந்தை முன்னால் எறியக்கூடாது, பின்னால் வருகிறவருக்குத்தான் எறிய வேண்டும். முன்னேறுவதற்கு இது என்ன வழி என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

வெளியூர் மேட்சுக்குப் போனால் அரிசி ஆலைக் கூலி போய்விடும் என்று அம்மா உங்களோடு சண்டை போடுவாளே, இந்த ஆட்டமே அந்தச் சண்டையில் பிறந்ததுதான். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் ஆட வந்தால் இழந்த கூலியைத் தரலாமா கூடாதா என்ற தகராறில், 1895-இல் வட இங்கிலாந்து கிளப்புகள் பழைய ரக்பியிலிருந்து பிரிந்துவிட்டன. வேல்ஸில் பழைய ரக்பிதான் எல்லாம், 1995 வரை அதில் காசு கிடையாது. அந்தக் காலத்தில் காசு வேண்டுமென்றால் வடக்கே வர வேண்டியிருந்தது. வந்துவிட்டால் பழைய ஆட்டத்தில் ஆயுளுக்கும் இடமில்லாமல் போனது. ஊர்க்காரர்கள் முகம் திருப்பிக்கொள்வார்களாம். அப்படியும் வந்தவர்கள் ஏராளம்.

சல்லிவன் வந்த கதை வேறு. சிறுவயதில் காலிலும் தோளிலும் பல அறுவைச் சிகிச்சைகள். ஒழுங்காக நடப்பதே சந்தேகம் என்றிருந்தார்களாம். மெக்கானிக் வேலை பார்த்துவிட்டு ராணுவத்தில் சேர்ந்தார். வேறொரு கிளப் சோதித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பியது. 1961 டிசம்பரில் ஹல் கிளப்பில் உண்மைப் பெயரை மறைத்து ஆடினார். அன்று மூன்று ட்ரை. மறுநாளே ஒப்பந்தம். இரண்டு ஆண்டு கழித்துக் கார் விபத்தில் உயிருக்கே ஆபத்து வந்தது. மூன்றே மாதத்தில் மைதானத்தில் நின்றார். உங்கள் முழங்கால் கதையை இங்கே நான் எடுக்க மாட்டேன். ஆனால் மருத்துவர் சொன்ன பயிற்சியைச் செய்கிறீர்களா?

1972-இல் பிரிட்டன் அணிக்கு அவர் கேப்டன். எந்த விளையாட்டிலும் பிரிட்டனின் தேசிய அணிக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். கால்பந்தில் இங்கிலாந்துக்காக ஒரு கறுப்பர் களமிறங்கவே 1978 ஆயிற்று. சல்லிவன் கேப்டனான அந்த 1972-இல் ரக்பி லீக் உலகக் கோப்பை பிரான்சில் நடந்தது. லியோன் நகரில் இறுதி ஆட்டம், ஆஸ்திரேலியாவுடன். பார்க்க வந்தவர்கள் நாலாயிரத்துச் சொச்சம்தான். நம் கோயில் திருவிழா சடுகுடுவுக்கே அதைவிடக் கூட்டம் வரும். சல்லிவன் தன் பாதியிலிருந்து பந்தை எடுத்து ஓடினார், ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. ஆட்டம் 10–10. கூடுதல் நேரத்திலும் மாறவில்லை. முந்தைய சுற்றில் எல்லாரையும் வென்றிருந்ததால் கோப்பை பிரிட்டனுக்கு. அதற்குப் பிறகு இன்றுவரை பிரிட்டனுக்கோ இங்கிலாந்துக்கோ அது கிடைக்கவில்லை.

இல்லத்தில் எனக்குத் தினமும் வேடிக்கை இதனால்தான். ஊரை ஒரு சிற்றாறு இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே கறுப்பு வெள்ளைச் சட்டை, ஹல் எஃப்.சி. கிழக்கே சிவப்பு வெள்ளை, ஹல் கே.ஆர்., அதாவது ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ். பெண் கொடுக்கும்போதுகூட யோசிப்பார்கள் போலிருக்கிறது. சல்லிவனோ இரண்டுக்கும் ஆடியவர். மேற்குக் கரைப் பாட்டி, "எங்களுக்கு 250 ட்ரை, உங்களுக்கு 118தான்" என்பார். எதிர் அறைப் பெரியவர் மீன் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், ரோவர்ஸ் ஆள். "1980-இல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் கோப்பையை எங்களுக்காக அல்லவா வாங்கினார்?" என்பார். அன்று இரண்டு அணியும் மோதின, ஊரே காலி. லண்டன் போகும் சாலையோரம் "கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிடவும்" என்று யாரோ எழுதி வைத்தார்களாம். முடிவு 10–5, ரோவர்ஸ் வெற்றி. சல்லிவனுக்கு அப்போது வயது 37. இந்த ஜூனில் ரோவர்ஸ் அதே வெம்ப்ளியில் 8–6 என்று ஜெயித்து, 40 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பெரிய கோப்பையைப் பார்த்தபோது, பெரியவர் மாத்திரை சாப்பிட மறுத்துவிட்டார். பாட்டி அன்று முழுவதும் அறைக்கதவைத் திறக்கவில்லை.

சல்லிவன் 1985-இல் புற்றுநோயில் இறந்தார். 42 வயது. அதன் பிறகுதான் சாலைக்கு அந்தப் பெயர். அவர் பேச்சு வந்தால் மட்டும் இருவரும் குரலைத் தாழ்த்திவிடுவார்கள்.

இதே பாட்டிதான் நான் வந்த முதல் வாரம் என் கையைத் தட்டிவிட்டு, வேறு ஆளை அனுப்பு என்றவர். அப்போது உங்களிடம் சொல்லவில்லை. மன்னிப்பு எதுவும் அவர் கேட்கவுமில்லை. போன செவ்வாய்க்கிழமை கால் கழுவிவிடும்போது திடீரென்று, "நீ எந்தப் பக்கம்?" என்றார். கிழக்கே குடியிருக்கிறேன், மேற்கே வேலை பார்க்கிறேன் என்றேன். "அது பதில் இல்லை, இரண்டில் ஒன்று சொல்" என்று அதட்டினார்.

உங்கள் கேள்விக்கு இவ்வளவுதான் என் கையில் இருக்கிறது அப்பா. சல்லிவன் பிரிட்டனுக்கே கேப்டன், நான் கால் கழுவுகிறவள், இரண்டையும் ஒரு தராசில் வைக்கவில்லை. ஆனால் பாட்டி அதட்டியது எனக்குப் பிடித்திருந்தது.

பணம் வெள்ளிக்கிழமை வந்து சேரும். அதில் மூக்குக் கண்ணாடிக்கு முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், கூரை பிறகு பார்க்கலாம். உங்களுக்கு ஒரு ஜெர்சி அனுப்பலாம் என்றிருக்கிறேன். கறுப்பு வெள்ளையா, சிவப்பு வெள்ளையா என்று நீங்களே சொல்லுங்கள், பாட்டியிடம் உங்கள் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். சட்டை அளவு இன்னும் 42 தானே?

உங்கள்
பாப்பா