கழிவுக் குவியலை மூடாமல் பாக்டீரியா எதற்கு?

ஆசிரியருக்கு,

ராணிப்பேட்டை குரோமியக் கழிவை பாக்டீரியா கொண்டு அகற்றலாம் என்ற செய்தியைப் படித்தேன். நல்ல யோசனைதான்; 'அகற்றலாம்' என்ற சொல்தான் இடிக்கிறது. நீரில் எளிதில் கரைந்து ஓடும் நச்சான குரோமியம்-6ஐ, நச்சு குறைந்த குரோமியம்-3 ஆக மாற்றி மண்ணிலேயே படியவைப்பதுதான் பாக்டீரியா செய்யும் வேலை. குரோமியம் எங்கும் போய்விடாது. தவிர, 1990களில் மூடப்பட்ட குரோமிய ரசாயன ஆலை அங்கே குவித்து விட்டுச்சென்ற கழிவோ லட்சம் டன்னுக்கும் மேல். கடும் காரத்தன்மை கொண்ட அந்தக் குவியலுக்குள் பெரும்பாலான நுண்ணுயிர்கள் பிழைப்பதே பாடு.

அப்பகுதியில் என் உறவினர் வீட்டுக் கிணற்றில் ஒரு மழைக்காலத்தில் நீர் இறைத்தபோது, வாளிக்குள் எலுமிச்சைச் சாறு போல வெளிர்மஞ்சளாக இருந்தது; குரோமியம்-6 கலந்தால் நீருக்கு வரும் நிறம் அது. கோடையில் அதே கிணற்றில் அவ்வளவு நிறம் இல்லை. ஒவ்வொரு மழையும் குவியலைக் கரைத்து இறக்கும்போது கீழே பாக்டீரியாவை விட்டு என்ன பயன்? முதலில் குவியலுக்குள் மழைநீர் இறங்காதபடி மூட வேண்டும். அப்புறம், பாதிக்கப்பட்ட ஓரிரு கிணறுகளைச் சுற்றி, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகை பாக்டீரியாவுக்கு இரையாகக் கொடுத்துச் சோதிக்கலாம். குடிநீரில் குரோமியத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். மாதந்தோறும் எடுக்கும் அளவை இந்த வரம்போடு சேர்த்து ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்கட்டும்.

- வாசகர், வேலூர்