நெடுநாள் நின்ற காருக்கு உடனே புது பம்ப் வேண்டாம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

“ரொம்ப நாளா நின்ன வண்டி. புது பேட்டரி போட்டாச்சு, செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா ஸ்டார்ட் ஆகல. பம்ப் போயிருக்கும், மாத்திடுங்க.” பழைய கார்கள் பெரும்பாலும் இந்தப் புகாரோடுதான் எங்களிடம் வருகின்றன. டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலை அனுப்பும் அந்தப் பம்பைத் தொடாமல் முதலில் டேங்கைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் சொன்னால், வேலையை இழுக்கிறோமோ என்று சிலருக்குத் தோன்றுகிறது. ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பதை விளக்கவே இந்த மடல்.

பெட்ரோல் கெட்டுப்போகும் பொருள். நிற்க நிற்க, அதில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். குளிர்ந்த இன்ஜின் பற்றிக்கொள்ள அந்தப் பகுதிதான் தேவை. மிஞ்சியது ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். 10 சதவீதம் எத்தனால் உள்ள பெட்ரோல், ஏறக்குறைய அரை சதவீதம் தண்ணீரைத்தான் தன்னுள் வைத்திருக்க முடியும். அதற்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான், இரும்பு டேங்க் துருப்பிடிப்பதும் அங்கேதான்.

அதனால் எங்கள் முதல் சோதனைக்கு ஒரு கண்ணாடி பாட்டில் போதும். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து அசையாமல் வைப்போம். கெட்ட பெட்ரோல் தேநீர் நிறத்துக்குப் போயிருக்கும், வார்னிஷ் நெடி அடிக்கும். தண்ணீர் இருந்தால் கீழே தனி அடுக்காகத் தெரியும். அதற்கும் கீழே செந்நிறத் துருத்தூள் படியும். இந்த டேங்கில் புது பம்பைப் போட்டால் அதன் வலை சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். டேங்குக்குள் இருக்கும் மின்பம்பைக் குளிர வைப்பதே அதன் வழியாக ஓடும் பெட்ரோல்தான். ஓட்டம் குறைந்தால் பம்ப் சூடேறி எரிந்துபோகும்.

டேங்க் சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் பம்புக்கு வருவோம். சாவியைத் திருப்பியதும் மின்பம்பின் இரைச்சல் கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே (பம்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்), எர்த் மூன்றையும் பார்ப்போம். பேட்டரியில் 12 வோல்ட் இருந்தும் பம்பின் இணைப்பில் 9 வோல்ட்தான் வருகிறது என்றால் குற்றவாளி பம்ப் அல்ல, பாசி பிடித்த வயரிங். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள வண்டிகளில், இன்ஜின் சுழற்சியால் இயங்கும் மெக்கானிக்கல் பம்பின் டயாஃப்ரம் என்ற சவ்வு விறைத்துக் கிழிந்திருக்கலாம். கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் இறங்கக்கூடும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்து, ஆயில் அளவும் ஏறியிருந்தால் இன்ஜினைச் சுற்றவே விடாதீர்கள்.

பலரும் கோட்டைவிடுவது ரப்பர் ஹோஸ். பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாமல் இருக்கலாம். உள்ளே காற்று மட்டும் போகும். வண்டி திணறும், காரணம் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று டேங்கின் காற்றுத்துளை. நன்றாக ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச தூரம் ஓடி நின்று, சற்று நேரம் கழித்து மறுபடி ஓடுகிற வண்டியில் மூடியைத் திறந்து கேளுங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் துளை அடைத்திருக்கிறது.

இதையெல்லாம் தாண்டியும் சிக்கல் இருந்தால் கேஜ் மாட்டிப் பெட்ரோலின் அழுத்தத்தை அளப்போம். மெக்கானிக்கல் பம்ப் உள்ள கார்புரேட்டர் வண்டிக்கு சுமார் 0.2 முதல் 0.4 பார், பெரும்பாலான மல்டிபாயிண்ட் இன்ஜெக்ஷன் (சிலிண்டருக்கு ஒன்றாக இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தெளிக்கும்) வண்டிகளுக்கு 2.5 முதல் 3.5 பார் வரை அழுத்தம் வேண்டும். அழுத்தம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. ஃபில்டர் பாதி அடைத்திருந்தாலும் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, கேஜ் சரியாகக் காட்டும், மேட்டில் ஏறும்போதுதான் வண்டி இழுக்காது. ஆகவே குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் வருகிறது என்றும் பிடித்துப் பார்ப்போம். கார்புரேட்டர் கடைசியில்தான். அதில் பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைப் பாகங்களான ஜெட்டுகளில் கம்பியை விட்டுக் குத்த வேண்டாம். பித்தளை மென்மையானது, துளை பெரிதானால் கலவையே மாறிவிடும்.

வண்டியைக் கொண்டுவரும் முன் எங்கள் வேண்டுகோள் இதுதான். பழைய பெட்ரோலின் மேல் புதிதை ஊற்றிக்கொண்டு செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள், பிசினும் துருவும் இன்ஜெக்டர் வரை போய்விடும். கார்புரேட்டரின் வாயில் பெட்ரோலை ஊற்றி, ஒருவர் செல்ஃப் அடிக்க மற்றவர் குனிந்து பார்ப்பதை அறவே செய்யாதீர்கள். பேக்ஃபயர் ஆனால் தீ முகத்துக்குத்தான் வரும். வண்டியை டோ செய்தே அனுப்புங்கள். கடைசியாக எப்போது ஓடியது, டேங்கில் எவ்வளவு இருந்தது, இடையில் யாராவது எதையாவது கழற்றினார்களா என்று ஒரு தாளில் எழுதி சாவியோடு கொடுத்தால் எங்களுக்குப் பெரிய உதவி.

இப்படிக்கு,
உங்கள் பட்டறைக் குழுவினர்