காரில் நான் சொல்லாமல் விட்டது

அன்புள்ள பாப்பா,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். எனக்கென்று நீ ஒரு வரிகூடத் தனியாக அனுப்பவில்லை. அதில் உன் தப்பு எதுவும் இல்லை. அந்த ராக் பாடகரின் கச்சேரி முடிந்து காரில் வந்த அந்த ஒரு மணி நேரம் நான் பேசிய பேச்சுக்கு, உன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

அன்றைக்கு ராத்திரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு நீ ஓடி வந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வியர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. குரல் கட்டிப்போயிருந்தது. மேடையில் ஒட்டியிருந்த பாட்டு வரிசைத் தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாய். "அப்பா, அவரோட கிடார் கம்பி அறுந்துச்சே, பாத்தீங்களா? சோலோ நடுவுல!" என்றாய். நான் கார் சாவியைத் தேடிக்கொண்டே, "சவுண்டே சரியில்லம்மா. அவருக்குக் குரலும் போச்சு. எல்லாப் பாட்டையும் இறக்கிப் பாடுறாரு" என்றேன். அதற்குப் பிறகு வீடு வரும்வரை நீ ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாய்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குள் நடந்ததில் அது கால்வாசிகூட இல்லை. மிச்சத்தை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் சவுண்டு. நீ மேடைக்கு முன்னால் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் மைதானத்தின் கடைசியில், ஏறக்குறைய நூறு மீட்டர் தள்ளி நின்றேன். காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் சொச்சம்தான் போகும். உன் நெஞ்சில் இடித்த டிரம் அடி மேடையிலிருந்து என்னிடம் வந்து சேர ஒரு நொடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆகிவிடும். பெரிய திரையில் குச்சி இறங்கிவிட்டது தெரியும், அடி அப்புறம்தான் கேட்கும். மைதானத்தின் நடுவில் இரண்டு கோபுரங்களில் ஸ்பீக்கர் தொங்கியதே, அவற்றுக்கு ஒலியை வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்துத்தான் அனுப்புவார்கள். மேடையிலிருந்து வரும் ஒலி அங்கே வந்து சேரும் நேரத்துக்கு அதுவும் கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் என்னைப் போல் பின்னால் நிற்பவர்களுக்கு ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு தடவை கேட்கும். இவ்வளவு செய்தும் காற்று ஒரு பக்கம் திரும்பினால் போதும், டிரம்மோடு தட்டுகிற சிம்பல் தட்டின் ஓசை எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தது.

உனக்கு அப்படியே எதிர்ப்பக்கம். பெரிய ஸ்பீக்கர்கள் உன் தலைக்கு மேலே, தூரத்தில் நிற்பவர்களைப் பார்த்துத் தொங்கின. உனக்கு டிரம்மும் கிடார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பும் மேடையிலிருந்து நேராக வந்து விழுந்தன, குரல் அதற்குள் அமுங்கிப்போயிருக்கும். "பாதி வார்த்தை கேக்கல, ஆனா அத யாரு கவனிச்சா" என்று நீயே சொன்னாய். கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பையன், "என் வாழ்க்கையிலயே இவ்வளவு சுத்தமான சவுண்டு கேட்டதில்ல" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான், ஞாபகமிருக்கிறதா? எங்கே நின்றான் என்று கேட்டேன். மிக்ஸர் பக்கத்திலாம். ஒலியைக் கூட்டிக் குறைப்பவர் தன் காதுக்குச் சரியாக வரும்வரை திருத்திக்கொண்டே இருக்கும் இடம் அது. அவனுக்குக் கேட்டது அவனுக்கு நிஜம்தான்.

அந்த இடத்தில் இன்னும் இருபது நிமிஷம் நின்றிருக்கலாம். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பாட்டில் அவர் அழுதார் என்று ஒரு பெண் அடித்துச் சொன்னாள். அவளோடு வந்தவளோ, காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றியபோது முகத்தைத் துடைத்தார், அவ்வளவுதான் என்றாள். நீ அவர்கள் பக்கம் நகர்ந்தாய். டிராஃபிக் சேர்ந்துவிடும் என்று உன்னைக் கூப்பிட்டு வண்டியில் ஏற்றினேன். அது எனக்கு இப்போது ரொம்ப வருத்தமாக இருக்கிறது. கச்சேரியின் மிச்சம் அங்கேதான் நடந்துகொண்டிருந்தது.

இப்போது அந்தக் கம்பி. கம்பி அறுந்ததை நான் பார்க்கவே இல்லை. எனக்குக் கேட்டது வேறு. மேலே மேலே ஏறிக்கொண்டிருந்த சோலோ, அதாவது கிடாரில் அவர் தனித்து வாசிக்கும் பகுதி, ஓரிடத்தில் சட்டென்று நின்றது. பிறகு கீழே இறங்கி, தடித்த கம்பிகளிலேயே நடந்து, வேறு ஒரு வழியாக வந்து பாட்டோடு சேர்ந்தது. இத்தனை வருஷத்தில் அந்த சோலோவை அவர் அப்படி வாசித்து நான் கேட்டதில்லை. புதிதாக யோசித்து வைத்திருக்கிறார் என்று நினைத்து உடம்பு சிலிர்த்தது. கம்பி அறுந்ததால்தான் அந்த வழி என்பது நீ சொன்ன பிறகுதான் தெரிந்தது. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் ஸ்பிரிங்கின் மேல் மிதக்கிற மாதிரி செய்த கிடார்களில் ஒரு கம்பி போனால் மற்ற ஐந்தின் சுருதியும் விலகிவிடும். அதனால்தான் உதவியாளர் இன்னொரு கிடாரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருப்பார். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார் என்றாயே, அதை நீ பார்த்தாய். அதற்குப் பிறகு வந்த சுரங்களை உன்னைவிட நான் தெளிவாகக் கேட்டிருப்பேன். இரண்டையும் சேர்த்துப் பேச ஒரு மணி நேரம் நமக்குக் கிடைத்திருந்தது பாப்பா. அதை நான் கெடுத்துவிட்டேன்.

குரல் போய்விட்டது என்றேனே, அதற்கு வருகிறேன். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து அவருடைய கேசட் ஒன்று என்னிடம் இருக்கிறது. டேப் இழுத்துப்போகும்வரை கேட்டிருக்கிறேன். அதில் அவர் வாலிபர். வயதாக ஆக எத்தனையோ பாடகர்கள் பாட்டை அரை சுரம், ஒரு சுரம் இறக்கித்தான் பாடுகிறார்கள், இது எனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் ஒவ்வொரு பாட்டிலும் கேசட்டில் உச்சம் வருகிற இடத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். வராதபோதெல்லாம் மனசுக்குள் ஒரு கோடு போட்டேன். முன்னால் ஒரு மனிதர் தொண்டை நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருக்கிறார், நான் வீட்டு அலமாரியில் இருக்கிற கேசட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ அவரைக் கேட்டாய்.

ஒரே கச்சேரியை ஆளுக்கொரு மாதிரி கேட்பது புதிதில்லை. 1965 ஜூலை 25 அன்று அமெரிக்காவில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில், நாட்டுப்புறப் பாட்டுக்குப் பேர்போன பாப் டிலன் எலெக்ட்ரிக் கிடாரோடும் பேண்டோடும் மேடையேறினார். மூன்று பாட்டு. கூட்டத்தில் ஒரு பகுதி ஊளையிட்டது, ஒரு பகுதி கைதட்டியது. ஏன் ஊளையிட்டார்கள் என்பதற்கு அங்கே இருந்தவர்களே ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எலெக்ட்ரிக் கிடார் பிடிக்கவில்லை என்று சிலர், இவ்வளவு சீக்கிரம் மேடையை விட்டு இறங்கிவிட்டாரே என்ற கோபம் என்று சிலர். ஒலி சிதைந்து வார்த்தையே கேட்காததுதான் தன் கோபத்துக்குக் காரணம் என்று அங்கே இருந்த நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் பின்னால் சொன்னார். அவர் சொன்னதையும் நான் காரில் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சரியாக மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று, நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் குழுவினர் பாடினார்கள். ஏறக்குறைய 55,600 பேர். அலறலில் மேடையில் நின்றவர்களுக்கே தாங்கள் வாசிப்பது கேட்கவில்லை. அங்கே போனவர்கள் கிழவர்களான பிறகும் அந்த ராத்திரியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சவுண்டு சரியில்லை என்று அவர்களிடம் போய் யார் சொல்வது?

இதுவரை எழுதியதெல்லாம் எழுத எளிது. இனிமேல் எழுதப்போவதைத்தான் காரில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அந்த மெதுவான பாட்டில், உச்சம் வரும் இடத்தில், அவர் மைக்கை ஸ்டாண்டோடு எங்கள் பக்கம் திருப்பினார். உங்கள் வரிசையிலிருந்து கிளம்பிய பாட்டு எங்களிடம் வர நேரம் எடுத்தது. எல்லோரும் தன் காதுக்கு வந்ததோடு சேர்ந்து பாடியதால் அந்த ஒரு வரி முன்னாலிருந்து பின்னாலே அலை மாதிரி உருண்டு வந்தது. நீங்கள் முடித்துவிட்டீர்கள், நாங்கள் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறோம். என் பக்கத்தில் என் வயசுக்காரர் ஒருவர், கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை பிசகாமல் பாடினார். நானும் பாடினேன். உன்னைத் தோளில் போட்டுத் தூங்கவைத்த நாட்களுக்குப் பிறகு நான் வாய்விட்டுப் பாடியது அன்றைக்குத்தான். அவருக்கு எட்டாத அந்தச் சுரத்தை அத்தனை பேரும் சேர்ந்து எட்டிப் பிடித்தபோது தொண்டை அடைத்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் உன்னைத் தேடி வந்தேன். நீ பார்த்துவிடக் கூடாதே என்றுதான் சாவியைத் தேடினேன், சவுண்டைக் குறை சொன்னேன்.

காது விஷயம் ஒன்று. மறுநாள் காலையிலும் உள்ளே 'ஙொய்' என்று கேட்கிறது என்று அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னாயாம். அது நின்றுவிட்டதா? சாதாரணமாக ஓரிரு நாளில் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் உடனே காது டாக்டரிடம் போ. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால் 100 டெசிபலை கால் மணி நேரம்தான் தாங்கலாம் என்பது கணக்கு. நீ ஸ்பீக்கர் பக்கத்தில் இரண்டரை மணி நேரம் நின்றாய். உள்காதில் ஒலியை வாங்கும் மயிரணுக்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. அடுத்த தடவை காதை அடைத்து வைத்துக்கொள், பாட்டுக்கென்றே செய்த காது அடைப்பான் கிடைக்கிறது, எல்லாச் சுரத்தையும் ஒரே அளவில் குறைக்கும், பாட்டு பாழாகாது. இதில் மட்டும் அப்பா சொன்னதைக் கேள்.

நேற்று காரைத் துடைத்தபோது உன் சீட்டுக்கு அடியில் அந்தத் தாள் கிடைத்தது. நீ அதைத் தேடிக்கொண்டிருப்பாய். நாலு மூலையிலும் கறுப்பு டேப் அப்படியே இருக்கிறது. தடித்த மார்க்கரில் பதினெட்டு பாட்டு. நடுவில் ஒரு ஷூ தடம், அநேகமாக அவருடையதாக இருக்கும். பதினோராவது பாட்டின் மேல் ஒரு கோடு அடித்திருக்கிறார்கள், அதை அன்றைக்குப் பாடவில்லை. கம்பி அறுந்தது அதற்கு முந்திய பாட்டிலா, பிந்தியதிலா என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. தாளை மடிக்காமல் அட்டைக்கு நடுவில் வைத்து இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். கைக்கு வந்ததும் கூப்பிடு. முதல் பாட்டிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல், நான் கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா