அந்த அட்டையைப் பையில் போட்டு எங்களிடம் தராதீர்கள்

வார்டுகளிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் பணியாற்றும் டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

என் தம்பிக்கு 34 வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். குரல் வரும், சொல் வராது. அவன் பேசுவது ஓர் அட்டையில். உயிரெழுத்து பன்னிரண்டு, மெய்யெழுத்து பதினெட்டு, ஆய்தம், அடியில் ‘ஆம்’, ‘இல்லை’, ‘தப்பு’ என்று மூன்று கட்டங்கள். தமிழின் 247 எழுத்துகளையும் அடைத்தால் கட்டங்கள் சிறுத்துவிடும். நிலைகொள்ளாத அவன் விரல் ஒன்றைத் தொடப் போய் இன்னொன்றைத் தொடும். ஆகவே அவன் ‘ம்’ தொட்டு ‘ஊ’ தொட்டால் நாங்கள் ‘மூ’ என்று சேர்த்துப் படிப்போம். ‘மூச்சு’ என்று சொல்ல அவன் ஐந்து முறை தொட வேண்டும்.

சென்ற ஆண்டு நிமோனியா வந்து ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். உள்ளே கொண்டுபோகும்போது அவனுடைய வாட்ச், செருப்பு, சட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். அதற்குள் அட்டையும் இருந்தது. “இது அவனுக்கு வேண்டும்” என்றேன். “உள்ளே எதற்கும் அனுமதியில்லை” என்றார்கள். அன்று மதியம் முழுவதும் அவன் கத்தியிருக்கிறான். நோயாளி அமைதியில்லாமல் இருக்கிறார் என்று தூக்கத்துக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

மாலையில் பத்து நிமிடம் பார்க்க விட்டார்கள். அட்டையைச் சேலைக்குள் மறைத்து எடுத்துப்போனேன். பாதி மயக்கத்தில் அவன் விரல் நகர்ந்தது. ‘க்’. பிறகு ‘ஐ’. கையா? கண்ணை மேலே உயர்த்தினான். அதுதான் அவனுடைய ஆம். பிறகு ‘எ’, ‘ர்’, ‘இ’. எரிகிறதா? மறுபடி கண் மேலே போனது. போர்வையை விலக்கினேன். சலைன் ஊசி நரம்பை விட்டு நழுவியிருந்தது. புறங்கை பன்னீர்க் கொய்யாவைப் போல் வீங்கிப் பளபளத்தது.

ஓடிவந்து ஊசியை எடுத்த செவிலியர் மறுநாள் காலை அவனிடமே வந்து, “எப்படிக் கேட்டால் உங்களுக்குச் சுலபம்?” என்றார். ஒரு தாளின் பின்பக்கத்தில் வலி, மூச்சு, தண்ணீர், திரும்பிப் படுக்க வேண்டும், பயமாக இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலோரம் ஒட்டினார். அதன்பின் அவனுக்குத் தூக்க மருந்து தேவைப்படவில்லை. நான் எல்லா மருத்துவமனைகளிடமும் கேட்பது அந்த ஒரு தாளைத்தான். பக்கவாதத்தில் பேச்சிழந்தவர், தொண்டையில் குழாய் போட்டவர், வென்டிலேட்டரில் இருப்பவர் என்று உங்கள் வார்டில் பலருக்கு அது உதவும்.

1985இல் தொண்டையில் துளையிட்ட பிறகு ஸ்டீபன் ஹாக்கிங் குரலை இழந்தார். கணினி கைக்கு வரும்வரை அவரும் எழுத்து அட்டையைத்தான் நம்பியிருந்தார். எதிரில் இருப்பவர் சரியான எழுத்தைக் காட்டும்போது புருவத்தை உயர்த்துவார். கை அசையாதவரிடமும் இப்படிக் கேட்கலாம். படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் ‘ஆவாஸ்’ செயலி நம் சென்னையில் உருவானதுதான். ஆனால் சார்ஜ் தீர்ந்த டேப்லெட்டை விட, கிழிந்த அட்டையே நள்ளிரவில் கைகொடுக்கும் என்பது எங்கள் அனுபவம். அட்டை கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடும் என்று பெற்றோரிடம் இன்னமும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதை நம்பி என் அம்மா எட்டு வருடம் காத்திருந்தார். அந்த எட்டு வருடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. அந்தப் பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடையாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அவசரத்தில் அவன் கையைப் பிடித்து எழுத்தின் மேல் வைக்காதீர்கள். அப்போது வருவது உங்கள் சொல்லாகிவிடும். பாதிச் சொல்லிலேயே உங்களுக்குப் புரிந்துவிட்டால் சொல்லிப் பாருங்கள், ஆனால் அவன் ஆம் என்ற பிறகே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். என்னைப் பார்த்து “இவருக்கு எங்கே வலிக்கிறது?” என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ‘தொடர்பு’ என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே பேச்சுக்குத் துணையான, மாற்றான வழிகளும் அடங்கியிருக்கின்றன. கண்ணாடியையும் காது மெஷினையும் நோயாளியிடம் விட்டுவைக்கும் நீங்கள், அட்டையையும் விட்டுவையுங்கள். துடைத்துச் சுத்தம் செய்ய வசதியாக லேமினேட் செய்தே கொண்டுவருகிறோம்.

இந்த மடலை அவனுக்குப் படித்துக் காட்டினேன். தன் பங்குக்கு ஒரு வரி சேர்க்கச் சொன்னான். அதைத் தொட்டு முடிக்கப் பதினொரு நிமிடம் ஆனது: “எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.”

இப்படிக்கு,
ஓர் அக்கா